கலிஃபோர்னியாக்காரியின் ஞானத்தாய்

சீனாவின் வூசி நகரத்தில் எங்கள் பெல்லை யாருக்கும் தெரியாது. எமிலி டீச்சரைத்தான் தெரியும். கலிஃபோர்னியாவில் பிறந்தவள், அப்பா ஆரஞ்சுத் தோட்டக்காரர், அம்மா தேவாலயத்தில் பியானோ வாசிப்பவர், கடற்கரை வெயிலில் கிடந்து கிடந்து நிறம் கொஞ்சம் மங்கிப்போயிற்று. இதெல்லாம் அவள் வேலை பார்க்கும் மழலையர் பள்ளியின் முதல்வரம்மா பெற்றோருக்கு அளந்துவிட்ட கதை. உண்மையில் அவள் க்ளோரிபெல். ஃபிலிப்பைன்ஸில் பொஹோல் தீவு, துபிகோன் துறைமுகத்தை ஒட்டிய சந்து. அப்பா படகுகளுக்குச் சாயம் அடித்தவர். பியானோவை அவர் சினிமாவில் பார்த்திருந்தால் உண்டு.

நான் நெனித்தா. அதே தீவு, பக்கத்து ஊர். வூசியில் ஒரு ஹோட்டலின் வரவேற்புக் கூடத்தில் மாலை வேளைகளில் பாடுகிறேன். பெல்லும் நானும் ஒரே வீட்டில் குடியிருக்கிறோம். அவளைவிட நான் மிகவும் மூத்தவள், எனக்கு வாயும் நீளம். எமிலி என்ற பெயரைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"உங்க அப்பா தோட்டத்து ஆரஞ்சு ரெண்டு கொண்டாடி, திங்கலாம்" என்பேன்.

"அக்கா, சும்மா இருங்க. சுவருக்கும் காது இருக்கு" என்பாள்.

இங்கே பணம் கட்டுகிற பெற்றோருக்கு ஆங்கிலம் என்றால் அமெரிக்கா. ஆனால் அமெரிக்காவிலிருந்து வருகிறவர்கள் ஒரு பருவம் முடிவதற்குள் மூட்டை கட்டிவிடுவார்கள். எங்கள் பெண்கள் மூக்கு துடைத்துவிடுவார்கள், ஜட்டி மாற்றிவிடுவார்கள், பாட்டுச் சொல்லித்தருவார்கள், ஓடமாட்டார்கள். ஆகவே பள்ளிக்கு எங்கள் உழைப்பு வேண்டும், எங்கள் ஊர் வேண்டாம். பெற்றோர் எதிரில் பெல் சீனம் பேசக்கூடாது என்றும் உத்தரவு. அமெரிக்காக்காரி இவ்வளவு நன்றாகச் சீனம் பேசினால் சந்தேகம் வருமாம். சந்தைக் கடைக்காரியோடு முட்டைக்கோசு விலைக்கு மல்லுக்கட்டுகிற பெல், பள்ளி வாசலில் "நீ ஹாவ்" என்ற வணக்கத்தையே தடுமாறித்தான் சொல்ல வேண்டும்.

சீனப் புத்தாண்டு விடுமுறை வந்தது. எமிலி அம்மாவைப் பார்க்கக் கலிஃபோர்னியா போனாள். பெல் என்னோடு பொஹோல் வந்தாள்.

அவளுக்கு மாய்மாய் என்று ஒரு மகள், பத்து வயது. சவுதிக்குப் போன புருஷன்காரன் அங்கேயே ஒட்டிக்கொண்டுவிட்டதால் பெண் பெரியம்மா வீட்டில் வளர்கிறது. இந்த விடுமுறையில் அதற்குக் காய்ச்சல் கண்டது. "அம்மா" என்று முனகியதைக் கேட்டு பெல் ஓடிப்போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள். குழந்தை கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, "நீ இல்ல. அம்மா எங்க?" என்றது. பெரியம்மாவைத்தான் கேட்டிருக்கிறது. பெல் எழுந்து கொல்லைப்பக்கம் போனாள். வெகுநேரம் உள்ளே வரவில்லை.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள். ஜூன் மாதம் மாய்மாயை வூசிக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவது. முதல்வரம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டாள். தங்கள் ஆரம்பப் பள்ளியிலேயே இடம் தருவதாக அந்த அம்மாள் சொன்னாள். கூடவே ஒன்றும் சொன்னாள்: பெற்றோர் பக்கமிருந்து ஒரு சின்னப் பேச்சு கிளம்பினாலும் நீயும் கிடையாது, உன் பெண்ணும் கிடையாது. வேலை போனால் விசாவும் போகும். படகுத்துறையில் மாய்மாய் கையைக் கோத்துக்கொண்டு, "ஜூன்ல நிச்சயமா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டது. "நிச்சயம்" என்றாள் பெல். அதுவரை அவள் யாருக்கும் நிச்சயம் என்று சொல்லி நான் கேட்டதில்லை.

படகேறிப் பக்கத்துத் தீவான செபு வந்து, விமான நிலையத்தில் ஷாங்காய் விமானத்துக்காக உட்கார்ந்திருந்தோம். பெல் எங்கள் ஊர் பனியனும் ரப்பர் செருப்புமாகக் காலை நீட்டிக்கொண்டு அவித்த வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தாள்.

"எமிலி டீச்சர்!"

ஒரு சின்னப் பெண் ஓடிவந்து அவள் மடியில் விழுந்தது. வெயிலில் மூக்கு சிவந்து, கழுத்தில் சிப்பி மாலை. பெல்லின் வகுப்புப் பிள்ளை தாங்தாங். பின்னாலேயே தாங்தாங் அம்மா, பெட்டியை இழுத்தபடி. வூசியில் திரைச்சீலைக் கடை வைத்திருக்கிறவர். பள்ளியில் அம்மாக்களுக்கெல்லாம் பிள்ளை பெயரை வைத்துத்தான் பெயர். அவர் சொந்தப் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது.

"டீச்சர்! நீங்க கலிஃபோர்னியா போகலையா?" என்றார் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில்.

பெல்லின் வாயில் கடலை அப்படியே நின்றது. ஆனால் எமிலி கெட்டிக்காரி. கடலையை விழுங்கிவிட்டு, மூக்கால் பேசுகிற அந்த ஆங்கிலத்தை எடுத்தாள். "போனேனே! திரும்பி வர்ற வழியில இங்க மூணு நாள் பீச். இவங்க என் ஃப்ரெண்ட், பாடகி."

"அங்கேருந்து வூசிக்கு வர்றதுக்கு இது வழியா?"

"இப்படி வந்தா டிக்கெட் ரொம்ப சீப்புங்க" என்று நான் சீனத்தில் குறுக்கே விழுந்தேன். மலிவு என்று சொல்லிவிட்டால் வூசியில் யாரும் மேற்கொண்டு கேள்வி கேட்கமாட்டார்கள். தாங்தாங் அம்மாவும் தலையை ஆட்டிக்கொண்டார். மூன்று பேரையும் சேர்த்து நிறுத்திப் படம் எடுத்தார். அடுத்த நிமிடம் அது பெற்றோர் குழுவில் போய் விழுந்துவிட்டது.

"பாருங்க, எல்லாரும் பூப்படம் அனுப்புறாங்க" என்று போனைக் காட்டினார். "ஒருத்தி மட்டும் 'அமெரிக்கா போகலையா'ன்னு கேட்டா. போய்ட்டுத் திரும்புற வழின்னு நானே பதில் போட்டுட்டேன். அவளுக்கு எல்லாத்துலயும் சந்தேகம். என் நாத்தனார்தான்!"

பெல் சிரித்தாள்.

விமானத்தில் தப்பிக்கலாம் என்று பார்த்தால், தாங்தாங் டீச்சர் பக்கத்தில்தான் உட்காருவேன் என்று அழுதது. யாரோ ஒரு பெரியவர் இடம் மாற்றிக் கொடுத்துத் தொலைத்தார். ஜன்னலோரம் குழந்தை, நடுவில் பெல், இந்தப் பக்கம் தாங்தாங் அம்மா. நான் எதிர் வரிசை. பணிப்பெண் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். எங்கள் பக்கத்துப் பெண்தான். பெல்லின் முகத்தைப் பார்த்ததும் எங்கள் மொழியிலேயே, "அக்கா, தண்ணியா ஜூஸா?" என்றாள்.

பெல் அவளைக் கண்ணாடி ஜன்னலைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு, "எக்ஸ்க்யூஸ் மீ?" என்றாள்.

அந்தப் பெண்ணின் முகம் சுருங்கியது. ஊரைவிட்டுப் போய் நாலு காசு பார்த்ததும் மொழி மறந்துபோகிற பீற்றல்காரிகளை அவள் நிறையப் பார்த்திருப்பாள். ஆங்கிலத்தில் மறுபடி கேட்டுவிட்டு, ஜூஸை டொக்கென்று வைத்துவிட்டுப் போனாள். பெல் அந்த ஜூஸைத் தொடவே இல்லை.

இறங்குவதற்கு முன் வெளிநாட்டாருக்கான சீட்டு கொடுத்தார்கள். எந்த நாடு என்று எழுத வேண்டும். "பேனா இல்லையா டீச்சர்?" என்று தாங்தாங் அம்மா தன் பேனாவையே நீட்டி, எழுதட்டும் என்று பார்த்துக்கொண்டும் இருந்தார். பெல் பேனாவை வாங்கினாள். பெயர் கட்டத்துக்கு மேலே பேனாவை நிறுத்தினாள்.

"எமிலி, விமானம் ஆடுது, எழுத்து கோணிக்கும். இறங்கி எழுதிக்கலாம்" என்றேன் நான். விமானம் ஆடவே இல்லை.

ஷாங்காயில் குடிநுழைவு வரிசை இரண்டாகப் பிரிந்தது. சீனர்கள் அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம். பெல் தன் செம்மண் நிறப் பாஸ்போர்ட்டை வெளியே எடுத்ததே அதற்கப்புறம்தான். முத்திரை விழுந்ததும் என் தோளில் சாய்ந்தாள்.

"தப்பிச்சேன் அக்கா."

"இன்னும் பெட்டி வரல. அதுக்குள்ள துள்ளாதே" என்றேன். என் வாயை நானே தைத்துக்கொண்டிருக்க வேண்டும்.

பெட்டி வருகிற இடத்தில் தாங்தாங்கும் அம்மாவும் காத்துக்கொண்டு நின்றார்கள். "எங்க வீட்டுக்காரர் கார் கொண்டுவந்திருக்கார். நீங்க ரெண்டு பேரும் எங்களோடதான் வரணும். பஸ்ஸெல்லாம் வேண்டாம்" என்றார் அம்மா. வேண்டாம் என்று சொல்ல பெல் வாயைத் திறந்தபோதுதான் அந்தக் குரல் கேட்டது.

"பெல்! அடியே க்ளோரிபெல்!"

கொஞ்சிங் அம்மாள். துபிகோன்காரி. ஷாங்காயில் ஒரு பணக்கார வீட்டில் பிள்ளை வளர்க்கிறார். அதே விமானத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்து வந்திருக்கிறார், நாங்கள் பார்க்கவில்லை. பெல்லுக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று அவளைக் கையில் ஏந்தி நின்றவர். ஞானத்தாயை நாங்கள் நினாங் என்போம். பெற்றவளுக்கு அடுத்த இடம் அது.

"என் தங்கம், நீயும் இதுலதான் வந்தியா! மாய்மாய்க்கு இப்ப எப்படி இருக்கு?" என்று எங்கள் மொழியில் கூவிக்கொண்டே வந்து, வலது கையை நீட்டினார்.

எங்களில் பெரியவர்கள் கை நீட்டினால், அதைப் பிடித்து நெற்றியில் ஒற்றிக்கொள்ள வேண்டும். கல்யாண வீடானாலும் சரி, காவல் நிலையமானாலும் சரி. சண்டை போட்டு முகத்தில் விழிக்காதவர்கள்கூடக் கை நீண்டால் குனிந்துவிடுவார்கள். நீண்ட கையை எடுக்காமல் விட்டவர்கள் என்று எங்கள் ஊரில் நான் யாரையும் கேள்விப்பட்டதில்லை.

பெல் தாங்தாங் அம்மாவைப் பார்த்தாள். நினாங்கைப் பார்த்தாள். "சாரி மேடம்... டூ ஐ நோ யூ?" என்றாள்.

எனக்கு அவளை அறையவேண்டும் போலிருந்தது. கொஞ்சிங் அம்மாளின் கை அந்தரத்திலேயே நின்றது. முதலில் சிரித்தார், விளையாட்டு என்று நினைத்து. பிறகு சிரிப்பு நின்றது. "பெல்லு, நான்தான்டி" என்றார் மெதுவாக. தனக்குத்தான் கண் மங்கி ஆள் மாறிப் பேசிவிட்டோமோ என்று அந்தக் கிழவிக்கே சந்தேகம் வந்து, கையைக் கீழே இறக்கப் போனார்.

பாதி இறங்கிய கையை பெல் பாய்ந்து பிடித்தாள். குனிந்து நெற்றியில் வைத்தவள் எடுக்கவே இல்லை. "நினாங், நினாங், மன்னிச்சிடுங்க" என்று எங்கள் மொழியில் தேம்பினாள். சுற்றிலும் பெட்டிகள் சுற்றிக்கொண்டிருந்தன. கொஞ்சிங் அம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. "அழாதடி, யாராவது செத்துட்டாங்களா?" என்று அவள் தலையைத் தடவினார்.

இதையெல்லாம் தாங்தாங் அம்மா பார்த்துக்கொண்டே நின்றார். முகத்தில் சிரிப்பு இருந்தது, அதை எடுக்க மறந்துபோயிருந்தார். பெல்லின் மற்றொரு கையில் பாஸ்போர்ட். தங்க எழுத்து வெளியே தெரிந்தது.

கொஞ்சிங் அம்மாள் தன் பெட்டியோடு போன பிறகும், காரில் வரச் சொன்ன சொல்லைத் தாங்தாங் அம்மா திரும்ப வாங்கவில்லை. கொடுத்த மரியாதையைப் பாதியில் பிடுங்குகிற வழக்கம் அவர்களுக்குக் கிடையாது. நாங்களும் மறுக்கவில்லை. மறுத்தால் ஓடுகிற மாதிரி இருக்கும். முன்னால் தாங்தாங் அப்பா காரை ஓட்ட, பக்கத்தில் அம்மா. பின்னால் நான், நடுவில் பெல், அந்தப் பக்கம் குழந்தை. விடுமுறை முடிந்து ஊர் திரும்புகிற கூட்டம் மொத்தமும் நெடுஞ்சாலையில் நின்றது. கார் ஊர்ந்தது. சூரியகாந்தி விதைப் பொட்டலம் ஒன்றைப் பின்னால் நீட்டிய அம்மா, அதற்குப் பிறகு திரும்பிப் பார்க்கவில்லை.

வெகுநேரம் கழித்துக் கணவரிடம் தாழ்ந்த குரலில் பேச்சை எடுத்தார். டீச்சருக்குச் சீனம் தெரியாது என்பதுதானே அவருடைய எண்ணம். நான் முன்பே கண்ணை மூடித் தூங்குவது போலக் கிடந்தேன்.

"இவ அமெரிக்காக்காரி இல்ல."

"பின்ன?"

"ஃபிலிப்பைன்ஸ். பாஸ்போர்ட்டைக் கண்ணால பார்த்தேன்."

"பள்ளிக்கூடத்துல தெரியுமா?"

"அதுங்க பண்ண வேலைதான் இது. இப்ப நான் என்ன செய்றது? உங்க தங்கச்சி பிள்ளையை நான்தான் சேர்த்துவிட்டேன். நம்ம கட்டடத்துல ரெண்டு வீட்டுக்கும் நான்தான் சொன்னேன், அசல் அமெரிக்கான்னு. இன்னிக்குக் காலைலகூடக் குரூப்ல சாட்சி சொல்லிருக்கேன். வெளிய தெரிஞ்சா மூஞ்சியை எங்க கொண்டு வச்சிக்கிறது?"

"அப்ப வாயை மூடிக்கிட்டு இரு" என்றார் அவர்.

"அதைத்தான் யோசிக்கிறேன். இவளும் மூடிக்கிட்டு இருக்கணும். எமிலியா வந்தா, எமிலியாவே இருந்துட்டுப் போகட்டும்."

பெல்லின் விரல்கள் என் மணிக்கட்டை இறுக்கின. பிழைத்தோம் என்றுதான் நான் நினைத்தேன். சத்தியமாக எனக்கு மகிழ்ச்சியாகவே இருந்தது. மாய்மாயின் இடம் போகாது.

அப்போது தாங்தாங் தலையைத் தூக்கிற்று. "டீச்சர், மாய்மாய்னா யாரு? அந்த அம்மா சொன்னாங்களே, மாய்மாய்னு."

எமிலியாக இருந்திருந்தால் பூனைக்குட்டி என்றோ பொம்மை என்றோ ஆங்கிலத்தில் சொல்லித் தள்ளியிருக்கலாம். பெல் குழந்தையின் சிப்பி மாலையைச் சரிசெய்தாள். பிறகு, சந்தையில் பேசுகிற அந்தத் தெளிவான சீனத்தில் சொன்னாள்.

"என் பொண்ணு. உன்னைவிடப் பெரியவ. ஜூன் மாசம் இங்க வர்றா."

தாங்தாங் அப்பாவின் கால் தானாகப் பிரேக்கை மிதித்தது. பின்னாலிருந்த கார் ஹாரன் அடித்தது. அம்மா இப்போதுதான் திரும்பினார். காதுவரை சிவந்திருந்தார்.

"உனக்குச் சீனம் தெரியுமா?"

"தெரியும்ங்க. நீங்க பேசினது எல்லாம் கேட்டுச்சு."

"எத்தனை பொய்! எத்தனைதான் பொய்!" என்றார். "உன்னைத் திட்டணும்னு இருக்கு. வர மாட்டேங்குது. காலைல எழுந்ததும் இவ என்னைக் கேட்கிறதில்ல, உன்னைத்தான் கேட்கிறா. இப்ப நான் என்ன பண்ணணும், சொல்லு!"

பெல் தலையைக் குனிந்துகொண்டாள். அம்மா மூக்கைச் சிந்திக்கொண்டு, கடைக்காரி கணக்காகப் பேச ஆரம்பித்தார்.

"சரி. நான் யார்கிட்டயும் சொல்லல. நீயும் சொல்லாதே. ஆனா பொண்ணைக் கொண்டுவராதே. ஒருத்தியை மறைச்சிடலாம். ரெண்டு பேரை எப்படி மறைக்கிறது? பிள்ளைங்க வாயை யார் கட்டறது? இல்லையா, கூட்டிட்டுத்தான் வருவேன்னா அவளுக்கும் சொல்லிக்கொடு. எந்த ஊருன்னு கேட்டா கலிஃபோர்னியான்னு சொல்லட்டும். குழந்தைதானே, சீக்கிரம் பழகிடும்."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. வழி தேடித்தான் சொன்னார். எனக்கே அது நல்ல வழியாகத்தான் பட்டது. பெல்லின் விலாவில் முழங்கையால் இடித்தேன், சரியென்று சொல் என்று.

பெல் என்னைப் பார்க்கவில்லை. "பழகிடும்ங்க" என்றாள். "அதுதான் பயமா இருக்கு. இன்னிக்கு என் ஞானத்தாயை யாருன்னு தெரியாதுன்னு சொன்னேன், நீங்களே பார்த்தீங்க. சொல்லும்போது நாக்கு கூசவே இல்ல. எனக்கே பழகிடுச்சு. என் பொண்ணு ஏற்கெனவே என்னைப் பார்த்து 'நீ இல்ல'ன்னு சொல்றா. அவளுக்கு இதையும் நானே சொல்லிக்கொடுக்கணுமா?"



"அப்ப என் மூஞ்சி?" என்றார் அம்மா கடைசியில், சின்னக் குரலில்.

"உங்க மூஞ்சிக்கு ஒண்ணும் ஆகாது. நீங்களே குரூப்ல போட்டுடுங்க. நான் சந்தேகப்பட்டேன், விமானத்துல பக்கத்துல உட்கார்ந்து கவனிச்சேன், கண்டுபிடிச்சிட்டேன், பள்ளிக்கூடம் நம்ம எல்லாரையும் ஏமாத்திடுச்சுன்னு எழுதுங்க. எல்லாரும் உங்களைத்தான் கெட்டிக்காரின்னு சொல்வாங்க. உங்க நாத்தனாரும் சொல்வாங்க."

"உன் வேலை?"

"போயிடும்."

"விசா?"

"அதுவும்தான்."

தாங்தாங் அப்பா கண்ணாடியில் பெல்லைப் பார்த்தார். அம்மா முன்பக்கம் திரும்பிக்கொண்டார். வூசி வரும்வரை அவர் தோள் மட்டும் அவ்வப்போது குலுங்கிற்று. தாங்தாங் பெல்லின் மடியில் தூங்கிப்போய்விட்டது.

எங்கள் கட்டட வாசலில் இறங்கும்போது இன்னும் வெளிச்சம் இருந்தது. அம்மாவும் இறங்கினார். தூங்குகிற குழந்தையை பெல்லின் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். வாங்கும்போது ஒரு கணம் இரண்டு பேர் கையும் குழந்தையின் முதுகில் ஒன்றாக இருந்தது.

"நாளைக்குக் காலைல எழுதுவேன்" என்றார். "நான் எழுதலேன்னா, பின்னால யாராவது கண்டுபிடிச்சா, எனக்கும் தெரிஞ்சிருந்ததுன்னு ஆயிடும்."

"எழுதுங்க" என்றாள் பெல்.

"உன் பெயர் என்ன? நிஜப் பெயர்?"

"க்ளோரிபெல்."

அவர் அதைச் சொல்லிப் பார்த்தார். வரவில்லை. இரண்டாம் முறையும் வரவில்லை. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு காரில் ஏறிப் போய்விட்டார்.

படியேறும்போது நான் திட்டிக்கொண்டே ஏறினேன். என்ன திட்டினேன் என்று எழுத முடியாது. கைக்கு எட்டியதைக் காலால் உதைத்தவள், வாழத் தெரியாதவள், நாளைக்குச் சோற்றுக்கு என்னடி செய்வாய் என்றெல்லாம். அவள் கதவைத் திறந்தாள். பூட்டிக் கிடந்த வீட்டின் குளிர் முகத்தில் அடித்தது. பெட்டியைக்கூட உள்ளே இழுக்கவில்லை, அதற்குள் போன் அடித்தது. மாய்மாய்.

"அம்மா, போய்ச் சேர்ந்துட்டியா?"

"சேர்ந்துட்டேன்டி."

"ஜூன்ல வரலாம்தானே? பெரியம்மா கேட்கச் சொன்னாங்க. நிச்சயமா?"

பெல் சுவரில் சாய்ந்து அப்படியே கீழே உட்கார்ந்தாள். நான் திட்டுவதை நிறுத்திவிட்டேன்.

"நிச்சயமா நாம சேர்ந்து இருக்கலாம்" என்றாள். "எந்த ஊர்லன்னுதான் தெரியல. அதை மட்டும் அப்புறம் சொல்றேன்."